நார்ஃபோக் ரயில்கள், பழைய நீராவிப் பாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், வட கடலுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும் கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி, நார்ஃபோக். வயல், சதுப்பு நிலம், தேவாலயக் கோபுரம், நடுவில் நாரிச் என்ற ஒரே ஒரு நகரம், ஓரத்தில் சில கடற்கரை ஊர்கள், அவ்வளவுதான். லண்டனிலிருந்து வார இறுதிக்கு வர நினைக்கும் உறவுக்காரர்களும் நண்பர்களும், ஊரிலிருந்து வந்து "ஸ்டீம் ரயில் ஏறணும்" என்று அடம்பிடிக்கும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டணத்தையும் நேரத்தையும் எழுதி வைத்தால் அடுத்த மாதமே பழசாகிவிடும், அதனால் மாறாத விஷயங்களுக்கே இங்கே அதிக இடம்.

லண்டனிலிருந்து எப்படி வருவது?

இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று சேராது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து இப்ஸ்விச் வழியாக நாரிச். சுமார் 185 கிலோமீட்டர், பெரும்பாலான ரயில்களுக்கு 1 மணி 50 நிமிடம் போல ஆகும். இதை ஓட்டுவது கிரேட்டர் ஆங்கிலியா. 2025 அக்டோபரில் அது அரசுடைமை ஆனது, ஆனால் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது.

கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ், ஈலி வழியாக கிங்ஸ் லின். இது கவுண்டியின் மேற்கு மூலை. சாண்ட்ரிங்கம் அரண்மனை, ஹன்ஸ்டன்டன் கடற்கரை எல்லாம் இந்தப் பக்கம்தான்.

கேம்பிரிட்ஜிலிருந்து நாரிச்சுக்கு நேராக ஒரு ரயில் மணிக்கு ஒன்று வீதம் இருக்கிறது. ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கும் அதே பாதைதான் வசதி. வடக்கிலிருந்து வருபவர்களுக்கு லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, நாட்டிங்கம், பீட்டர்பரோ வழியாக ஒரு நீண்ட ரயில் நாரிச் வரை ஓடுகிறது. லிவர்பூலில் ஏறினால் 5 மணி நேரத்துக்கு மேல், சாப்பாடு கட்டிக்கொண்டு ஏறுங்கள்.

கிங்ஸ் லின்னிலிருந்து நாரிச்சுக்கு நேர் ரயில் ஏன் இல்லை? வரைபடத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது?

எல்லாருக்கும் வரும் சந்தேகம். சாலையில் 70 கிலோமீட்டர்தான். ரயிலில் போனால் தெற்கே ஈலி வரை இறங்கி, வண்டி மாறி, மறுபடி கிழக்கே வர வேண்டும். டீரம் வழியாக நேராக ஒரு பாதை இருந்தது, 1968-இல் டீரத்துக்கும் கிங்ஸ் லின்னுக்கும் இடையே அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்த வேலையை எக்செல் என்ற பேருந்து செய்கிறது. பேச்சில்லாமல் அதில் ஏறுங்கள்.

நார்ஃபோக் ரயில்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். நாரிச்சிலிருந்து பாதைகள் கைவிரல்களை விரித்ததுபோல வெளியே போகின்றன, ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குக் குறுக்கே தாவ முடியாது. ஒரு காலத்தில் தாவ முடிந்தது. அந்தக் குறுக்குப் பாதைகள் இருந்த இடங்களில்தான் இன்று பாரம்பரிய ரயில்களும் சைக்கிள் பாதைகளும் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வருகிற நீராவி ரயில் ஏதோ பொழுதுபோக்குப் பூங்காவுக்காகப் புதிதாகப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது ஓடும் இடம் மூடப்பட்ட நிஜமான ரயில் பாதை.

இதையெல்லாம் மூடியது பீச்சிங்தானே?

பாதி உண்மை. பிரிட்டனில் எந்த ரயில் பாதை மூடப்பட்ட கதையைச் சொன்னாலும் டாக்டர் பீச்சிங் தலையில் கட்டிவிடுவது வழக்கம். அரசு ரயில்வேயின் தலைவராக இருந்த அவர், நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொல்லிக் கொடுத்த அறிக்கை வந்தது 1963 மார்ச்சில். நார்ஃபோக்கில் மிகப் பெரிய அடி விழுந்தது அதற்கு 4 வருடம் முன்னால்.

இந்தக் கவுண்டியில் இரண்டு ரயில் கம்பெனிகள் போட்டி போட்டன. ஒன்று லண்டனை நோக்கிய கிரேட் ஈஸ்டர்ன். இன்னொன்று மிட்லண்ட் அண்ட் கிரேட் நார்தர்ன் ஜாயின்ட் என்று நீட்டி முழக்கும் பெயர் கொண்டது, 1893-இல் இரண்டு பெரிய கம்பெனிகள் கூட்டாக வாங்கி நடத்தியது. பீட்டர்பரோ பக்கத்திலிருந்தும் மத்திய இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக் கூட்டத்தை யார்மத், குரோமர் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்து கொட்டுவதும், இங்கிருந்து மீனையும் விளைச்சலையும் ஏற்றிப் போவதும் அதன் பிழைப்பு. சுமார் 180 மைல் பாதை, அதில் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. அதன் தலைநகரம் மெல்டன் கான்ஸ்டபிள். வயல் நடுவே ஒரு கிராமத்தில் எஞ்சின் பட்டறை, தொழிலாளர் குடியிருப்பு, நாலு திசைக்கும் பிரியும் ஜங்ஷன், எல்லாம் ரயிலுக்காகவே உண்டானவை.

1959 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு இந்தப் பாதைகளில் பெரும்பகுதி ஒரேயடியாக மூடப்பட்டது. ஒரே ஊருக்கு இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகப் பாதை போட்டு வைத்திருந்ததால், எல்லாம் ஒரே அரசு ரயில்வேயின் கைக்கு வந்தபிறகு ஒன்று வீண் செலவாகத் தெரிந்தது. கணக்குப்படி சரியாக இருந்திருக்கலாம். ஆனால் யார்மத்துக்கு 3 நிலையங்கள் இருந்த இடத்தில் இன்று ஒன்று, மெல்டன் கான்ஸ்டபிளுக்கு ஒன்றுமே இல்லை. அறுவைச் சிகிச்சை தேவைதான், ஆனால் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டார்கள் என்பது என் கருத்து. குறிப்பாக டீரம், ஹன்ஸ்டன்டன் இரண்டையும் விட்டு வைத்திருக்கலாம். அவை இரண்டும் பயணிகள் ரயிலை இழந்தது 1969-இல்.

பாரம்பரிய ரயில்கள் எத்தனை இருக்கின்றன? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

முக்கியமானவை நான்கு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நார்த் நார்ஃபோக் ரயில்வே. ஷெரிங்கம் முதல் ஹோல்ட் வரை, சுமார் எட்டரை கிலோமீட்டர். முழு அகலப் பாதை, நிஜமான பெரிய எஞ்சின்கள், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காடும் புதர்மேடும். பாப்பி லைன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். இந்தக் கரையோரத்தின் சிவப்புப் பாப்பிப் பூக்களைப் பற்றி 1883-இல் கிளெமென்ட் ஸ்காட் என்ற லண்டன் பத்திரிகையாளர் உருகி உருகி எழுதியதிலிருந்து இந்தப் பகுதிக்கு பாப்பிலேண்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இதன் பெரிய வசதி, கார் இல்லாமலே போகலாம் என்பது. நாரிச்சிலிருந்து ஷெரிங்கத்துக்கு மணிக்கு ஒரு சாதாரண ரயில், சுமார் ஒரு மணி நேரம். இறங்கி ரோட்டைக் கடந்தால் எதிரே பழைய நிலையம். போகும் வழியில் குரோமரில் ரயில் நின்று வந்த திசையிலேயே திரும்பிப் போக ஆரம்பிக்கும், பதறி இறங்கிவிடாதீர்கள். அங்கே பாதை அப்படித்தான், ஓட்டுநர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவார்.

ஒரே ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் ஒரு நிலையம் எதற்கு?

ஷெரிங்கத்துக்கு மேற்கே போகும் பாதை 1964-இல் மூடப்பட்டது. அதன்பிறகு நடுவில் இருந்த லெவல் கிராசிங் தேவையில்லை என்று முடிவு செய்து, 1967-இல் ரோட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன பிளாட்பாரத்தைக் கட்டி ரயிலை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். மேற்கே கைவிடப்பட்ட பழைய நிலையத்தை ரயில் பிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பயணிகளை ஏற்றி ஓட்ட ஆரம்பித்தது 1970களின் நடுவில், ஹோல்ட் வரை எட்டியது 1989-இல்.

40 வருடத்துக்கும் மேல் பிரிந்து கிடந்த இரண்டு பாதைகளையும் 2010 மார்ச்சில் மறுபடி இணைத்தார்கள். ஆலிவர் குரோம்வெல் என்ற நீராவி எஞ்சின் ரோட்டைக் கடந்து வந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. ஆனால் அந்த இணைப்பை வருடத்தில் ஒரு சில தடவை சிறப்பு ரயில்களுக்கு மட்டுமே திறப்பார்கள். மற்ற நாட்களில் நீங்கள் நடந்துதான் கடக்க வேண்டும்.

அங்கே என்ன எஞ்சின் பார்க்கலாம்?

பி12 என்ற வகையில் உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே எஞ்சின் இவர்களிடம்தான் இருக்கிறது, 8572 எண். 1928-இல் கட்டியது. இன்னொன்று ஒய்14 வகையைச் சேர்ந்த 564, அதன் வயது அதற்கும் மேல், 1912-இல் கட்டியது. இந்த ஒய்14 வகைக்கு ஒரு கதை உண்டு. 1891 டிசம்பரில் லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்ட் பட்டறையில் இதே வகை எஞ்சின் ஒன்றை 9 மணி 47 நிமிடத்தில் பாகம் பாகமாகக் கோத்து முடித்து விட்டார்கள். பட்டறைகளுக்குள் நடந்த போட்டி அது, அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

போகிற அன்று இவை ஓடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பிரிட்டனில் பாரம்பரிய எஞ்சினின் கொதிகலனை வழக்கமாக 10 வருடத்துக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றிப் பிரித்துச் சோதிப்பார்கள். அந்த வேலைக்கு வருடக்கணக்கில் ஆகும், பெரும் பணமும் ஆகும். அதனால் எந்த நேரத்திலும் பாதி எஞ்சின்கள் பட்டறையில் எலும்புக்கூடாகத்தான் கிடக்கும். குறிப்பிட்ட எஞ்சினுக்காகவே வருகிறீர்கள் என்றால் அன்றைய ஓட்டப்பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். சில நாட்கள் டீசல் மட்டும்தான் ஓடும். குழந்தைகளுக்கு அது புரியாது, ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு அதைவிடப் புரியாது.

சின்னக் குழந்தைகளுக்கு எது நன்றாக இருக்கும்?

பியூர் வேலி ரயில்வே. ராக்சம் முதல் ஏல்ஷம் வரை 9 மைல், தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 15 அங்குலம். 1990-இல் திறந்தார்கள், ஆனால் பாதை பழைய கிரேட் ஈஸ்டர்ன் பாதை, அதில் பயணிகள் ரயில் நின்றது 1952-இல். ஒரு பாதி அகலத்தில் குட்டி ரயிலும், மீதியில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டிருக்கிறார்கள். ராக்சமில் சாதாரண ரயில் நிலையமும் குட்டி ரயில் நிலையமும் அடுத்தடுத்து இருப்பதால் இதற்கும் கார் வேண்டாம்.

இங்கே ஓடும் எஞ்சின்களில் இரண்டு நம் நாட்டு வம்சம். பிளிக்லிங் ஹால், ஸ்பிட்ஃபயர் என்று பெயர். 1990களில் புதிதாகக் கட்டியபோது இந்திய ரயில்வேயின் குறுகிய பாதைகளில் ஓடிய இசட்பி வகை எஞ்சினை முன்மாதிரியாக வைத்துச் சிறிதாக்கிச் செய்தார்கள். இங்கிலாந்துக் கிராமத்து வேலிக்கு நடுவே இந்தியச் சாயலில் ஒரு குட்டி எஞ்சின் விசிலடித்துப் போவதைப் பார்க்க ஒரு தனி சந்தோஷம்தான்.

மற்ற இரண்டு?

மிட் நார்ஃபோக் ரயில்வே, டீரம் முதல் விண்டம் வரை பதினொன்றரை மைல். நிலையப் பெயர்ப்பலகையில் 'வைமொண்டம்' போல எழுத்துகள் இருக்கும், அறிவிப்பில் விண்டம் என்றுதான் கேட்கும், கவனம். அவர்களுடைய விண்டம் அபே நிறுத்தத்துக்கும் சாதாரண நிலையத்துக்கும் இடையே நல்ல நடை இருக்கிறது. டீரத்தில் சரக்கு ரயில் 1989 வரை ஓடியதால் தண்டவாளத்தைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். அது பிற்பாடு எவ்வளவு உதவியது என்றால், கிரேட்டர் ஆங்கிலியா புது ரயில்களை மொத்தமாக வாங்கி வைக்க இடமில்லாமல் தவித்தபோது இந்தப் பாரம்பரியப் பாதையில்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பழைய டீசல் எஞ்சின் பிடித்தவர்களுக்கு இதுதான் இடம். டிசம்பரில் போலார் எக்ஸ்பிரஸ் என்று குழந்தைகளுக்கான ரயில் ஓடும், டிக்கெட் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

நான்காவது, வெல்ஸ் அண்ட் வால்சிங்கம். பாதையின் அகலம் பத்தேகால் அங்குலம், பெரியவர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். நீளம் 4 மைல், இந்த அகலத்தில் இதைவிட நீளமான பாதை உலகத்தில் இல்லை. 1982-இல் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் தன் சொந்த முயற்சியில் போட்டது.

இவை போக, டிஸ் பக்கத்தில் பிரசிங்கம் நீராவி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆலன் புளூம் என்ற பெயர்பெற்ற செடி வளர்ப்பாளர் தன் தோட்டத்தைச் சுற்றி எஞ்சின்களைச் சேர்த்து வைத்தார். கணவனுக்கு எஞ்சின், மனைவிக்குப் பூந்தோட்டம் என்று ஒரே டிக்கெட்டில் முடியும், மாற்றியும் இருக்கலாம்.

வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்கு ரயிலில் போகலாமா?

இது தமிழர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி. ஒவ்வொரு கோடையிலும் பிரிட்டன் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தமிழ்க் கத்தோலிக்கர்கள், பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், சைவர்களும் சேர்ந்துதான், வால்சிங்கத்துக்கு யாத்திரை வருகிறார்கள். அன்றைக்கு அந்தச் சின்னக் கிராமத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் அதிகம் காதில் விழும்.

ரயிலில் நேராகப் போக முடியாது. வால்சிங்கத்துக்கு இருந்த பாதை 1964-இல் மூடப்பட்டுவிட்டது. கிங்ஸ் லின் அல்லது ஷெரிங்கம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, வழியில் ஒருமுறை மாறி வரலாம். ஞாயிற்றுக்கிழமையில் அதுவும் கஷ்டம். யாத்திரை நாளில் உங்கள் ஊர்ப் பங்கு ஏற்பாடு செய்யும் கோச்சில் வருவதுதான் புத்திசாலித்தனம். அந்தக் குட்டி ரயில் வெல்ஸ் கடற்கரைக்கும் வால்சிங்கத்துக்கும் இடையே மட்டும் ஓடும், அதுவும் யாத்திரைக் கூட்டத்தை ஏற்றும் அளவுக்குப் பெரிசு கிடையாது. வேறொரு நாளில் நிதானமாக வந்தால் காலையில் வெல்ஸ் கடற்கரை, குட்டி ரயிலில் வால்சிங்கம், மாலையில் திரும்பல் என்று அழகாக அமையும்.

கத்தோலிக்கத் திருத்தலமான ஸ்லிப்பர் சாப்பல் கிராமத்திலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய காலத்து யாத்திரிகர்கள் அங்கே காலணியைக் கழற்றிவிட்டுக் கடைசி மைலை வெறுங்காலில் நடந்தார்களாம். அப்புறம், கிராமத்தின் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். டிக்கெட் கொடுத்த கட்டடத்தின் மேல் வெங்காய வடிவில் ஒரு குட்டிக் குவிமாடம் வைத்து ஆர்த்தடாக்ஸ் தேவாலயமாக்கி இருக்கிறார்கள்.

ரோடே இல்லாத ரயில் நிலையம் ஒன்று இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். பெர்னி ஆர்ம்ஸ். நாரிச்சுக்கும் யார்மத்துக்கும் நடுவே சதுப்பு நிலத்தில், ஒரே ஒரு பிளாட்பாரம். கார் போகும் சாலை கிடையாது. நடந்து வரலாம், படகில் வரலாம், அல்லது ரயிலில். 1840களில் பாதை போட நிலம் விற்ற பெர்னி என்ற ஜமீன்தார், ரயில் இங்கே நின்றே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டு விற்றார், அதனால்தான் இந்த நிலையமே.

பிளாட்பாரத்தில் நின்று கையைக் காட்டினால்தான் ரயில் நிற்கும். இறங்க வேண்டும் என்றால் ஏறியவுடனே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். 2019–20 கணக்கில் வருடம் முழுவதும் இங்கே ஏறி இறங்கியது 42 தடவை, அந்த வருடம் பிரிட்டனிலேயே கடைசி இடம். ஆனால் சிக்னல் வேலைக்காக அந்தப் பாதை 2018 அக்டோபரிலிருந்து 2020 பிப்ரவரி வரை மூடிக் கிடந்ததும் ஒரு காரணம், அதை யாரும் சொல்வதில்லை.

போகலாமா என்றால், நடக்கத் தெம்பு இருந்தால் கண்டிப்பாகப் போகலாம். இறங்கிப் பழைய காற்றாலையைப் பார்த்துவிட்டு, பிரைடன் நீர்நிலையின் கரையோடு யார்மத் வரை சுமார் 8 கிலோமீட்டர் நடக்கலாம். கடை கிடையாது, கழிப்பறை கிடையாது, நிழலும் கிடையாது. திரும்பும் ரயில் நேரத்தைப் பார்க்காமல் இறங்கினால் கதை கந்தல்.

யார்மத், லோஸ்டாஃப்ட் ரயில்கள் கோடையில் ஏன் அடிக்கடி தாமதம்?

திறந்து மூடும் பாலங்கள். படகு போவதற்காக ரீடம் என்ற இடத்தில் ஆற்றுக்கு மேல் இருக்கும் ரயில் பாலம் நடு அச்சில் சுழன்று வழிவிடும். நூறு வருடத்துக்கு மேல் வயதான இரும்பு, வெயிலில் நீண்டுவிட்டால் திரும்ப மூடும்போது சரியாகப் பொருந்தாது. அதனால் கடும் வெயில் நாட்களில் திறக்காமலே வைத்துவிடுவார்கள், படகுக்காரர்கள் கோபப்படுவார்கள். திறந்து மாட்டிக்கொண்டால் ரயில்காரர்கள் கோபப்படுவார்கள். ரீடம் பாலம் லோஸ்டாஃப்ட் பாதையில் இருப்பது. நாரிச்சுக்கு வெளியே டிரௌஸ் பாலமும் இதேபோலச் சுழலும் வகை, லண்டன் ரயில்கள் அனைத்தும் அதன் மேல் ஒற்றைப் பாதையில்தான் நகர வேண்டும்.

15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், டிலே ரிப்பே என்று பெயர். வெட்கப்படாமல் விண்ணப்பியுங்கள். பாதிப் பேர் கேட்பதே இல்லை.

நாரிச் பக்கம் நடந்த பழைய விபத்து பற்றி யாரோ சொன்னார்கள், அது என்ன?

தோர்ப் விபத்து. 1874 செப்டம்பர் 10, மழை பெய்த இரவு. நாரிச்சுக்கும் பிரண்டலுக்கும் இடையே ஒற்றைப் பாதை. லண்டனிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் அன்று தாமதம். அதை யார்மத் பக்கம் அனுப்புவதா, இல்லை எதிரே வரும் மெயிலை முதலில் வரவிடுவதா என்ற குழப்பத்தில், மெயிலை அனுப்பச் சொல்லும் தந்திச் செய்தி நிலைய இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடும் முன்பே போய்விட்டது. அது போனது தெரியாமல் எக்ஸ்பிரஸையும் கிளப்பிவிட்டார்கள். தவறு தெரிந்து மெயிலை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தபோது, ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இரண்டு ரயில்களும் நேருக்கு நேர் வந்துகொண்டிருக்கின்றன என்பது நிலையத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆனால் தடுக்க எந்த வழியும் கிடையாது. 25 பேர் இறந்தார்கள்.

இந்த மாதிரி விபத்து மறுபடி நடக்கக் கூடாது என்று எட்வர்ட் டையர் 1870களின் இறுதியில் ஒரு கருவியைச் செய்தார். பாதையின் இரண்டு கோடி நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டும் மின்சாரத்தால் பிணைத்தவை. எந்த நேரத்திலும் ஒரே ஒரு உலோக வில்லையைத்தான் வெளியே எடுக்க முடியும். வில்லை கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டும் அந்தப் பாதைக்குள் நுழையலாம். மறதிக்கும் அவசரத்துக்கும் அங்கே வேலையே இல்லை.

இலங்கையில் மலையக ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், நிலைய ஊழியர் பிரம்பு வளையம் போன்ற ஒன்றை நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து கையை நுழைத்து வாங்குவார்கள். அந்த வளையத்தின் பைக்குள் இருப்பது இதே டையர் வில்லைதான்.

கைகாட்டி சிக்னல் இன்னும் எங்காவது இருக்கிறதா?

சாதாரணப் பாதைகளில் யார்மத், லோஸ்டாஃப்ட் பக்கம் 2020 தொடக்கம் வரை இருந்தது, இப்போது எல்லாம் விளக்கு, கட்டுப்பாடு எசெக்ஸில் கால்செஸ்டரிலிருந்து. கைகாட்டி பார்க்க வேண்டும் என்றால் நார்த் நார்ஃபோக் ரயில்வேயின் வேபோர்ன் நிலையத்தில் இறங்கி மேம்பாலத்தில் நில்லுங்கள்.

சாண்ட்ரிங்கத்துக்கு அரச குடும்பம் ரயிலில் வருமா?

முன்பு அரண்மனைக்குப் பக்கத்திலேயே வுல்ஃபர்டன் என்ற நிலையம் அவர்களுக்காகவே ஜோடித்து வைத்ததுபோல இருந்தது. ஹன்ஸ்டன்டன் பாதையோடு 1969-இல் அதுவும் போய்விட்டது, கட்டடம் அப்படியே நிற்கிறது. இரண்டாம் எலிசபெத் அரசி கிறிஸ்துமஸுக்கு வரும்போது பல வருடங்கள் கிங்ஸ் லின் வரை எல்லாரும் போகும் ரயிலில்தான் வந்தார்.

அந்த ஹன்ஸ்டன்டன் பாதையில் 1953 ஜனவரி 31 இரவு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வட கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த இரவில், கிங்ஸ் லின்னுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் மேல் வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு வீடு மோதியது. முழு மர வீடு. ரயில் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது.

டிக்கெட் எப்படி மலிவாக எடுப்பது?

குடும்பமாக வந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்துவிடுங்கள். ஒரு வருடம் செல்லும், பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. லண்டனிலிருந்து ஒரு தடவை குடும்பத்தோடு வந்து போனாலே கார்டு விலை கிட்டத்தட்ட வந்துவிடும். லண்டன்–நாரிச் அட்வான்ஸ் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு, ஆனால் அந்த ரயிலை விட்டால் பணம் போச்சு.

பாரம்பரிய ரயில்களுக்குத் தனி டிக்கெட். நாள் முழுக்க ஏறி இறங்கலாம் என்று நார்த் நார்ஃபோக்கில் ஒரு டிக்கெட் உண்டு, அதையே எடுங்கள். "இவ்வளவு விலையா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: வேல்ஸில் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023-இல் மூடிய பிறகு நல்ல நீராவி நிலக்கரி பெரும்பாலும் கப்பலில் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. காலையில் முதல் ரயிலுக்கு எஞ்சினைச் சூடாக்கவே பல மணி நேரம் எரிக்க வேண்டும், ஒரு பயணி ஏறும் முன்னாலேயே.

ஓட்டுபவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களா?

சிலர். பெரும்பாலோர் தொண்டர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர், கணினிக்காரர், எல்லா வகையும். எஞ்சின் துடைப்பதில் ஆரம்பித்து, பிறகு கரி அள்ளிப் போடுபவர், பிறகு ஓட்டுநர், இதற்கு வருடக்கணக்கில் ஆகும், தேர்வும் உண்டு. நார்ஃபோக்கில் குடியிருப்பவர்கள் நீங்களும் சேரலாம். கடை, டிக்கெட் கவுண்டர், தோட்டம், பெயின்ட் என்று எதற்கும் ஆள் தேவை, ஆனால் எல்லாரும் எஞ்சினுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள்.

எந்த மாதம் வருவது?

மே முதல் செப்டம்பர் வரை. பாப்பிப் பூ பார்க்க ஜூன். பாரம்பரிய ரயில்கள் குளிர்காலத்தில் டிசம்பர் சிறப்பு ரயில்களைத் தவிர அனேகமாகத் தூங்கும். கிறிஸ்துமஸ் அன்றும் மறுநாளும் சாதாரண ரயிலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லண்டன் பாதையில் பராமரிப்பு வேலை என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வயதானவர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், சக்கர நாற்காலி?

நாரிச்சிலிருந்து கிளம்பும் கிராமப்புற ரயில்கள் 2019-இல் வந்த சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. கதவு திறந்ததும் ஒரு படி வெளியே நீண்டு பிளாட்பார இடைவெளியை மூடும், ஏறுவது சுலபம். கம்பி இருக்கும் இடத்தில் மின்சாரத்திலும், இல்லாத இடத்தில் நடுப்பெட்டியில் உள்ள டீசல் எஞ்சினிலும் ஓடும். பழைய நீராவி ரயில் பெட்டிகளில் படி உயரம், கதவு ஒடுக்கம். சக்கர நாற்காலிக்கென்று தனிப் பெட்டி வைத்திருப்பார்கள், ஆனால் எல்லா ரயிலிலும் இருக்காது, முன்னாலேயே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தள்ளுவண்டியை மடித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.